நெளிவே இல்லாத நாற்காலி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்களுக்கு இரண்டு விரல்கடை உயரம் அதிகம், மேடம். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழக்க தோஷம். முடி வெட்டுகிறவர் எதிரே வருகிறவரின் தலையைத்தான் முதலில் பார்ப்பார். நான், ஆள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பேன். சீட்டுக்கு அடியில் வலது கைப்பக்கம் ஒரு பிடி இருக்கும், அதைத் தூக்கினால் இறங்கும். உடைந்துவிட்டதா? சரி, விடுங்கள். அலுவலக நாற்காலிகளில் முதலில் உயிர் விடுவது அந்தப் பிடிதான்.

எனக்குக் கொடுத்திருக்கும் இந்த ஸ்டூலைப் பற்றி எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. நேர்மையான ஸ்டூல். உட்கார்ந்தவனைச் சீக்கிரம் எழுந்து போ என்கிறது. நான் எழுந்து போக முடியாது என்பது வேறு விஷயம். அதற்கு ஸ்டூல் என்ன செய்யும்.

யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் பார்த்தார், இயற்கை மரணம் என்றார், எல்லாம் ஓய்ந்துவிட்டது. எனவே அவசரம் இல்லை. நிதானமாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஆபீஸ் நாற்காலிகள் செய்கிற கம்பெனி. நான் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். இறந்துபோனவன் அதே பிரிவின் தலைவன். என் தங்கையின் கணவன். தங்கை புருஷனை ‘அவர்’ என்றுதான் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் கல்லூரியில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு ‘அர்’ விகுதி வாயில் வர மாட்டேன் என்கிறது. வீட்டில் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். கல்லூரியில் எல்லாப் பையன்களையும் போல நாங்களும் ஒருத்தனை ஒருத்தன் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். மற்றவர்கள் அதைப் பேச்சுக்குச் சொல்வார்கள். இவன் ஒருத்தன்தான் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு என் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டான்.

அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அப்பா முறுக்கிக்கொண்டு நின்றபோது அவர் காலைப் பிடிக்காத குறையாகப் பேசிச் சம்மதிக்க வைத்தது நான்தான். கம்பெனியில் அவனுக்காகச் சொல்லி வைத்ததும் நான்தான். நேர்முகத் தேர்வில் முதலாளி எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: நாற்காலி என்றால் என்ன? நான் அந்தக் காலத்தில், “ஒரு சீட்டு, ஒரு முதுகு, கீழே அஞ்சு சக்கரம்” என்றேன். எனக்கு வேலை கிடைத்தது. மாப்பிள்ளை கொஞ்சம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, “வாய்ப்பு” என்றான். அவனுக்குப் பதவி கிடைத்தது.

எங்கள் தொழிலில் நெளிவு என்று ஒன்று உண்டு. அது புரியாவிட்டால் மீதியும் புரியாது, அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒரு நாற்காலி செய்தால் அதைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். அங்கே உட்காருவதற்கென்றே கூலிக்கு ஆட்கள் வருவார்கள். நல்ல வேலைதான். ஆளை நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் ஏதாவது படிக்கக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நாங்கள் கவனிப்போம். அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு நெளிவு. கால் மாற்றிப் போட்டால் ஒரு நெளிவு. முன்னால் நகர்ந்து பின்னால் வந்தால் ஒரு நெளிவு. எந்த நாற்காலியில் நெளிவு குறைவோ அதுவே சௌகரியமான நாற்காலி. உலகத்திலேயே நாங்கள் மட்டும்தான் இப்படிச் செய்கிறோமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனியில் இதுதான் சட்டம், வேதம் எல்லாம்.

இந்தச் சட்டம் தப்பு என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நெளிவது புகார் இல்லை, மேடம். உடம்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் மராமத்து. ஒரே இடத்தில் கிடந்தால் ரத்தம் தேங்கும், சதை மரத்துப்போகும். அதனால்தான் தூக்கத்தில்கூட மனிதன் புரண்டு படுக்கிறான். நல்ல நாற்காலி ஆளை நெளிய விட வேண்டும். இன்னும் நல்ல நாற்காலி, அவருக்கே தெரியாமல் நெளிய வைக்க வேண்டும். அப்படி ஒரு முதுகை நான் செய்தேன். இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கும் பள்ளத்தில் கை வைத்துத் தாங்குகிற மாதிரி ஒரு தாங்கி. மூச்சு விட்டால் கூடவே அசையும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை, கவனிக்க முடியாத அளவுக்கு ஒரு பக்கம் தளரும். ஆள் தன்னை அறியாமல் இடம் மாறி உட்காருவார்.

நெளிவுச் சோதனையில் அது கேவலமாகத் தோற்றது. தோற்கத்தானே செய்யும்.

நான் விடவில்லை. சாயங்காலங்களில் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசுவேன். கரண்டியை வளைத்துக் காட்டுவேன். தங்கை, “அண்ணா, அந்தக் கரண்டி எனக்குத் திரும்ப வேணும்” என்பாள். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே சாப்பிடுவான். “நல்லாத்தான் இருக்கு மச்சான், ஆனா இதெல்லாம் விக்காது. விட்டுரு” என்பான். ஒரு தடவை இல்லை, வாரா வாரம் அப்படித்தான் சொன்னான். நானும் மனம் சோர்ந்து, கொஞ்ச நாள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன்.

பேச்சை நிறுத்திய அந்த இடைவெளியில் அவன் முதலாளியிடம் போய்ப் பேசியிருக்கிறான்.

வெளியீட்டு விழாவில்தான் எனக்கே தெரிந்தது. திரை விலகியது, என் முதுகு மேடையில் சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு ‘உயிருள்ள முதுகு’ என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத் தோன்றியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். மாப்பிள்ளை மைக்கைப் பிடித்து, ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது இந்த யோசனை உதித்ததாகச் சொன்னான். கூட்டம் ரசித்தது. முடிக்கும்போது, என் பக்கம் பார்க்காமலே, “எங்க டீம்ல ஒருத்தர்கூட இதுக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தார்” என்றான். அந்த ஒருத்தர், பின் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மோசமான நாற்காலி. நெளிய முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

என் தங்கை முன் வரிசையில் கை தட்டினாள். அது யாருடைய முதுகு என்று அவளுக்குத் தெரியும். வளைந்த கரண்டி இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது.

விழா முடிந்து அவன் வந்து என்னைக் கட்டிக்கொண்டான். “குடும்பத்துக்குள்ளதானே மச்சான். உன் பேர் வந்தா என்ன, என் பேர் வந்தா என்ன?” என்றான். நானும் யோசித்துப் பார்த்தேன். வித்தியாசம் ஒன்றும் இல்லையென்றால் என் பேரையே போட்டிருக்கலாமே என்று பட்டது. அதை நான் கேட்கவில்லை. பேருக்கு அலைகிறவன் இல்லை நான், மேடம். இதைத் தனியாகக் குறித்துக்கொண்டாலும் சரி. தங்கை என்னை ஓரமாக இழுத்து, இதைப் பெரிதுபடுத்தாதே அண்ணா, அவருக்கு வந்தால் நமக்கு வந்த மாதிரிதானே என்றாள். சரி என்றேன். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

அந்தத் திருட்டுக்காக நான் எதுவும் செய்யவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். திருடனுக்காவது பொருளின் அருமை தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் ஏதோ கையெழுத்துக்காக அவன் அறைக்குப் போனேன். அவன் வெளியே போயிருந்தான். அவன் உட்காரும் இடத்தில் உயிருள்ள முதுகு நின்றது, முதல் பிரதி. அதன் தாங்கிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தலையணையை மடித்துச் செருகியிருந்தான். அசையாமல் இருப்பதற்காக. பூப் போட்ட உறை. என் தங்கை வீட்டுத் தலையணை.

வந்ததும் கேட்டேன். அவன் வெட்கமில்லாமல் சிரித்தான். “சத்தியமா சொல்றேன் மச்சான், இந்தச் சனியன் மனுஷனை நிம்மதியா உக்கார விடமாட்டேங்குது” என்றான். என் பல வருஷத்தை எடுத்துக்கொண்டு போனவனுக்கு அது பிடிக்கவே இல்லை. புரியவும் இல்லை. பசிக்குத் திருடி, கடித்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. அவன்தான் கேட்டான். “எனக்குன்னு ஒண்ணு பண்ணிக் குடேன் மச்சான். அசையாத சேரா. உன்னை விட்டா என் முதுகை யாருக்குத் தெரியும்?” என்றான். செய்கிறேன் என்றேன்.

இந்த இடத்தில் அவன் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில மாதம் முன்னால் மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கட்டுப் போட்டுப் படுத்திருந்ததில் காலில் ரத்தம் உறைந்து கட்டிவிட்டது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்துக் கரைத்தார்கள். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். இது ஒரு தடவை வந்தால் மறுபடி வரக்கூடியது. உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கக் கூடாது. அடிக்கடி எழுந்து நாலு எட்டு நடக்க வேண்டும். என்றைக்காவது திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சில் குத்தினால், அந்த நிமிஷமே ஓடி வர வேண்டும், கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆள் மிஞ்சாது. தங்கை அழுதாள். மாப்பிள்ளை டாக்டரின் நாற்காலியைப் பார்த்து, “நம்ம கம்பெனி சரக்கு” என்று என் காதில் சொன்னான். நான் மட்டும்தான் கவனமாகக் கேட்டேன்.

அவனுக்கான நாற்காலியை நான் மிகுந்த சிரத்தையோடு செய்தேன். அவனைக் களிமண் மேல் உட்கார வைத்து அச்சு எடுத்தேன். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் விரலால் தொட்டு எண்ணினேன். கூச்சம் தாங்காமல் சிரித்தான். சும்மா இருடா என்று அதட்டினேன். பழைய நாட்கள் மாதிரி இருந்தது.

உடம்பு எழுந்திருக்கச் சொல்வதற்குச் சில காரணங்கள் உண்டு. நான் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ச் சமாதானப்படுத்தினேன். உட்காரும் எலும்பு வலிக்கும். அதற்குக் கீழே மெல்ல அமுங்குகிற நுரை மெத்தை வைத்தேன். முதுகு வேர்க்கும், காற்றுப் போகும் துணி போட்டேன். கழுத்து இழுக்கும், முழங்கை காந்தும். இரண்டுக்கும் வழி செய்தேன். தாங்கியைத் தளராமல் கட்டினேன், அவன் கேட்ட மாதிரியே. தண்ணீர் பாட்டில், போன், கோப்பு எல்லாம் கை நீட்டும் தூரத்தில் இருக்க ஒரு சிறு பலகையைக் கைப்பிடியோடு சேர்த்தேன். அது அவன் கேட்காதது, என் அன்பளிப்பு.

மிச்சம் இருந்தது சீட்டின் முன் விளிம்பு. எந்த நல்ல நாற்காலியிலும் அது கீழ்நோக்கி வழிந்து இறங்கும், முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கக் கூடாது என்பதற்காக. எங்கள் துறையில் முதல் வருஷமே சொல்லிக் கொடுப்பது. நான் அதைக் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் உயர்த்தினேன். உள்ளே கெட்டி நுரை, மேலே மிருதுவானது. கை வைத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் பாதம் தரையில் படும், ஆனால் ஊன்றாது. உடம்பில் எல்லாரும் திருப்தியாக இருக்கும்போது கால் மட்டும் தனியாக என்ன குரல் கொடுத்துவிட முடியும்.

இதில் எந்த இடத்தில் கொலை என்ற வார்த்தை வந்தது என்று கேட்கிறீர்கள். வரவில்லை. நல்ல நாற்காலி செய்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அது நல்ல நாற்காலிதான்.

சோதனை செய்யாமல் எந்த நாற்காலியும் பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் அதையும் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். உட்கார வருபவர்களில் ஒருவருக்குப் புழு என்று பட்டப்பேர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க நின்றே பிழைத்ததால் அவருக்கு உட்காரவே வராது. எந்த நாற்காலியில் போட்டாலும் துள்ளுவார். அவரை அதில் உட்கார வைத்தோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கணக்கெடுக்கிற பெண் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் அசையவில்லை. பத்திரிகையை மார்பில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப்போனார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, “உயிரோட இருக்காரா சார்?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

எழுப்பியதும் அவர், “சார், இது சேர் இல்ல சார். மடி” என்றார். பிறகு கீழே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எந்திரிச்சா மட்டும் கால் ரெண்டும் யாரோடதோ மாதிரி இருக்கு. அதையும் எழுதிக்கங்க” என்றார். எழுத இடம் இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. எங்கள் சோதனையில் உட்காருவதைப் பற்றித்தான் கேள்விகள். எழுந்த பிறகு நடப்பது நாற்காலியின் பொறுப்பல்ல.

நெளிவே இல்லாத நாற்காலி என்று கம்பெனி முழுக்கப் பேச்சாகிவிட்டது. முதலாளி வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதை மாப்பிள்ளையின் அறைக்கு நானே தள்ளிக்கொண்டு போனேன். அவன் உட்கார்ந்தான், கண்ணை மூடினான். “ஐயோ மச்சான்” என்றான்.

அதன் பிறகு அவன் எழுந்திருப்பது அபூர்வமாயிற்று. முன்பு யாரையாவது பார்க்க வேண்டுமானால் அவர்கள் மேஜைக்குப் போவான்; இப்போது கூப்பிட்டு விட்டான். மதியச் சாப்பாடும் அங்கேயே. எழுந்து நடக்கச் சொல்லித் தங்கை அவன் போனில் அலாரம் வைத்திருந்தாள். அது கைக்கு எட்டும் பலகையில்தான் இருந்தது. அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தான். தங்கை என்னிடம், “அண்ணா, நீ சொன்னா கேப்பார். கொஞ்சம் எந்திரிச்சு நடக்கச் சொல்லு” என்று கெஞ்சினாள். நான் தினமும் சொன்னேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நாலு பேர் காதில் விழும்படி. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், எழுந்து நட மாப்பிள்ளை, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா என்று நான் சொல்லாத நாள் கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த எவனும் எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான்தானே செய்தேன்.

கேட்டதைச் செய்து கொடுத்தேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன், என் மேல் குறை சொல்ல முடியாது என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு நாள் தவிர.

அன்று காலை அவன் வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதடு வெளுத்திருந்தது. லிஃப்டில்தான் வந்திருந்தான், ஆனால் ஓடி வந்தவனைப் போல இரைத்தது. ஒரு காலின் செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது.

“மச்சான், மூச்சு வாங்குது. நெஞ்சுல என்னமோ குத்துது. டாக்டரைப் பாத்துட்டு வந்துடவா?”

டாக்டர் சொன்னது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவுக்கு வந்தது. சுற்றிலும் மேஜைகள் காலி. எல்லாரும் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

“முதலாளி மீட்டிங் வெச்சிருக்காரே மாப்ளே. கொஞ்ச நேரம் போய் உக்காரு. சரியாயிடும்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். “அதுவும் சரிதான். உன் சேர்ல உக்காந்தா எல்லாமே சரியாயிடும்” என்றான்.

உன் சேர். இத்தனை வருஷத்தில் அவன் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். பக்கத்தில் கேட்க ஒரு ஈ காக்கை இல்லை. யாராவது கேட்டிருந்தால் நான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பேனோ என்னவோ. அதை இப்போது எப்படிச் சொல்வது.

கூட்டம் அவன் அறையிலேயே நடந்தது, அவனை அசைக்க வேண்டாம் என்று. முதலாளி பேசினார், விற்பனைக்காரர் பேசினார். மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அது அவன் வழக்கம். இரண்டு முடிவுகளுக்கு அவன் ஆட்சேபிப்பான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆட்சேபிக்காததால் இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. முதலாளி கை குலுக்க நீட்டியபோதுதான் தெரிந்தது. நாற்காலி அவனை அவ்வளவு நன்றாகத் தாங்கியிருந்தது. தலைகூடத் தொங்கவில்லை.

என் தங்கைக்குச் சொன்னதும் நான்தான். அவளைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இரங்கல் கூட்டத்தில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு செய்தார். நெளிவே இல்லாத அந்த நாற்காலியைக் கம்பெனி தயாரித்து விற்கப் போகிறது. அது மறைந்தவரின் கடைசிப் படைப்பு. அவர் பேரையே அதற்கு வைக்கப் போகிறார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

செத்த பிறகும் ஒருத்தன் திருடுவான் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களா, மேடம்?

தயாரிப்புப் பிரிவுக்காரர் வரைபடத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். முன் விளிம்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிற மாதிரி தெரிகிறதே, இறக்கிவிடலாமா என்று அவராகவே கேட்டார். கெட்டிக்காரர். இறக்குவது அரை நாள் வேலை, அச்சைக் கொஞ்சம் செதுக்கினால் போதும். வேண்டாம் என்றேன். அதை இறக்கினால் அது வேறு யாருடைய நாற்காலியோ ஆகிவிடும். லாரிகளில் ஏற்றி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனை போயிருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள், விற்பனை என் பிரிவு இல்லை. நன்றாகப் போகிறது என்று கேள்வி.

அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். பேருக்கு அலைகிறவன் இல்லை என்று முன்பே சொன்னேன்.

நேற்றுத் தங்கை கேட்டாள் என்று அவன் நாற்காலியை, அந்த முதல் நாற்காலியை, அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடிப்படியில் நானே தோளில் சுமந்து ஏற்றினேன். ஜன்னல் பக்கம் போடச் சொன்னாள். உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாக அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை, முகம் ஒட்டிப்போயிருந்தது. சாய்ந்ததும் அவள் தோள் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் அமைதியாக இருந்தது. அவளை அவ்வளவு நிம்மதியாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

இன்று காலை போனபோதும் அதிலேயே இருந்தாள். ராத்திரி அதிலேயே தூங்கிவிட்டாளாம். படுக்கையில் தூக்கம் வருவதில்லை என்றாள். எனக்கு டீ போடக்கூட எழுந்திருக்கவில்லை, நானே போட்டுக்கொண்டேன். டீயோடு வந்து எதிரே நின்றபோது, இடுப்புக்குப் பின்னால் கையை விட்டு அந்தத் தாங்கியைத் தொட்டுக் காட்டி,

“இங்க, அவர் கை வெச்சுத் தாங்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கு அண்ணா” என்றாள்.

டீயைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்தேன். நேராக இங்கே வந்தேன்.

அவளை எழுந்திருக்கச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. இப்போதும் அதில்தான் உட்கார்ந்திருப்பாள். ஆள் அனுப்புவதானால் தாராளமாக அனுப்புங்கள், விலாசம் தருகிறேன். ஆனால் போகிறவரிடம் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும், மேடம். அவளைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக, அது அவன் கை இல்லை, உன் அண்ணன் கை என்று சொல்லச் சொல்லுங்கள். அது அவளுக்கு நன்றாகப் புரிந்த பிறகு எழுப்பிக்கொள்ளலாம்.